மாமன் மென்ற வெற்றிலை

சமாதானம் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வரும். என் மகள் நீலாய் என்ற ஊரில் ஆசிரியை. அவள் பள்ளியில் சண்டை போட்ட பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்துப் பேசவைக்கிறார்களாம். நல்லதுதான். அடிபட்ட பிள்ளைக்கும் அந்த வட்டத்தில் இடம் உண்டா என்று மட்டும் கேட்டேன். என் அம்மாவுக்கு இடம் இருக்கவில்லை.

போர்டிக்சன் சாலையில் இருந்தது எங்கள் ரப்பர் தோட்டம். ஜப்பான்காரன் காலத்தில் சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்க அங்கே லாரி வந்தது. ஆள் காட்டியவர் எங்களை வேலை வாங்கிய மேஸ்திரி, மண்டோர். எண்ணிக்கைக்கு ஓர் ஆள் குறைந்தபோது சிப்பாய் மண்டோரின் சொந்தத் தம்பியைப் பிடித்து ஏற்றிவிட்டான். மண்டோர் குனிந்து கும்பிட்டு என்னவோ சொன்னார், தம்பி இறங்கினான். காய்ச்சலில் சாக்கைப் போர்த்திப் படுத்திருந்த என் அப்பாவை இழுத்துவந்து அந்த இடத்தில் ஏற்றினார்கள். கூலிகளின் வரிசை வீடுகளான லயத்தில் இருந்த எல்லோரும் பார்த்தோம்.

அது போதாதென்று மண்டோர் ஒரு பொய்யையும் கட்டிவிட்டார். "அவனாத்தான் பேரு குடுத்தான். பொண்டாட்டி புள்ளை தொல்லை விட்டாப் போதும்னு ஓடிட்டான்." அரிசியும் மரவள்ளிக்கிழங்கும் அளந்து கொடுத்த கை அவருடையது. அதனால் கண்ணால் பார்த்தவர்களே தலையாட்டினார்கள். குழாயடியில் என் அம்மாவுக்குப் 'புருசன் விட்டுட்டு ஓடுனவ' என்று பெயர். கிழங்குக்காக!

ஜப்பான்காரன் போனான், வெள்ளைக்காரத் துரை திரும்பினார், மண்டோர் மட்டும் அதே மண்டோர். அப்பா சயாமிலேயே பேதியில் செத்துப்போனதை அங்கிருந்து தப்பி வந்த ஒருவர் சொன்னார். அம்மா கேட்டது ஒன்றுதான்: அந்தப் பொய்யை மண்டோர் எல்லோர் முன்னாலும் திரும்பப் பெற வேண்டும்.

கோயில் முன்னால் பஞ்சாயத்து கூடியது. தப்புச் செய்தவர் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து நீட்டுவார், பாதிக்கப்பட்டவர் எடுத்து மென்றால் வழக்கு முடிந்தது. பிறகு யாரும் அதைப் பேசக்கூடாது. பெண்களுக்கு அங்கே இடமில்லை. அண்ணனோ தம்பியோ அவர்களுக்காக உட்காருவார்கள். எங்களுக்காகத் தாய்மாமன் உட்கார்ந்தார். மண்டோர் "நடந்தது நடந்துபோச்சு" என்று தட்டை நீட்டினார். மாமன் எடுத்து மென்றார். என்ன நடந்தது என்று எந்த வாயிலிருந்தும் ஒரு வார்த்தை வரவில்லை.

சிவந்த வாயோடு மாமன் வீட்டுக்கு வந்தார். "முடிஞ்சிருச்சு தங்கச்சி. இனி மனசுல வச்சுக்காத."

"யாருக்கு முடிஞ்சிச்சு? போயி வாயக் கழுவிட்டு வாண்ணே" என்றாள் அம்மா.

மறுநாள் காலை பெரட்டு. ஆட்கள் பால் வாளியும் சீவுகத்தியுமாக வரிசையில் நிற்க, மண்டோர் பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு நேரே அவர் முன்னால் போய் நின்றாள். அவள் கையில் ஒரு தட்டு, அதில் புது வெற்றிலை.

"எங்கண்ணன் மென்னது எனக்குச் சேராது, மண்டோரய்யா. நீங்க செஞ்சதச் சொல்லிட்டு நீட்டுங்க. நானே எடுத்துக்கிறேன்."

"நேத்தே முடிஞ்சிருச்சுலா. போ, வேலையப் பாரு."

அம்மா நகரவில்லை. வரிசையும் நகரவில்லை. மாமன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் வாயைத் திறந்தவன் மண்டோரின் தம்பி.

"லாரியில நின்னது நான். என்னை இறக்கிட்டுத்தான் அண்ணன் அவர ஏத்துனாரு. அவரு ஓடல."

மண்டோரின் முகம் செத்துவிட்டது. "ஆமா" என்றார், அம்மாவைப் பார்க்காமல்.

"எனக்குத் தெரியும். இவகிட்டச் சொல்லுங்க." அம்மா என்னை முன்னால் தள்ளினாள்.

"உங்கப்பா உங்கள விட்டுட்டு ஓடல பாப்பா. நான்தான் ஏத்திவிட்டேன்."

தட்டை வாங்கி அம்மாவிடம் நீட்டினார். அவள் எல்லோரும் பார்க்க ஒரு வெற்றிலையை எடுத்து வாயில் போட்டு மென்றாள். அன்றிலிருந்து குழாயடியில் அந்தப் பெயர் ஒழிந்தது. அவளுக்கு அது போதுமாக இருந்தது.

என்னிடம் யாரும் தட்டை நீட்டவில்லை. சின்னப் பெண்ணை யார் கேட்பார்கள்? நீட்டியிருந்தாலும் நான் எடுத்திருக்க மாட்டேன்.