அக்காவின் நிலாவும் குறுக்கே வந்த குழாயும்

நாடகம் பார்க்க வருகிறவர்கள் யாரும் எங்கள் அத்தானைப் பார்த்ததில்லை. ராஜா பறப்பதும் மேகம் இறங்குவதும் பத்தொன்பது வருடமாக அவர் கைவேலைதான். கைதட்டல் மட்டும் ராஜாவுக்கு. அவருக்கு அதில் வருத்தமில்லை, எனக்குத்தான் வயிற்றெரிச்சல். அதே மேடையில் திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுப்பவன் நான்.

அவருக்கு ஒரு பிடிவாதம். எந்தக் கயிற்றிலும் ஆள் ஏறுவதற்கு முன் அந்த ஆளின் எடைக்கு மணல் மூட்டை ஏற வேண்டும். மூட்டைக்கு ‘மச்சினி’ என்று பெயர் வேறு. அக்காவுக்குத் தங்கை இல்லாத குறையை அப்படித் தீர்த்துக்கொண்டாராம்.

அக்கா அதே குழுவில் நடிகை. பன்னிரண்டு வருடமாக, “தண்ணி கொண்டு வரட்டுமா?” என்று கேட்டுவிட்டு உள்ளே போகும் வேடங்கள்தான். இந்தத் தடவை அதிர்ஷ்டம் அடித்தது. மர நிலாவில் உட்கார்ந்து, இடமிருந்து வலமாக ஆடிக்கொண்டே ஒரு முழுப் பாட்டு. அந்த நேரம் பார்த்து அரங்கத்துக்காரர்கள் விளக்கு மாட்ட ஓர் இரும்புக் குழாயைச் சங்கிலியில் தொங்கவிட்டார்கள். இறக்கிக்கொள்ளலாம், அதற்கு மேலே ஏற்றவோ நகர்த்தவோ கூடாது என்றார்கள். நிலாவின் கயிறு நடுவே வரும்போது சரியாக அதில் இடித்தது.

இயக்குநர் தலையில் கை வைத்தார். “கயிறு பாதியில குட்டையாயிடும். இவங்க விசுக்குனு மேல போய் விளக்குல மோதுவாங்க. காட்சியையே எடுத்துடலாம்.”

அக்கா அன்று சாப்பிடவில்லை.

மறுநாள் காலை, நிலாவின் கயிற்றில் மூட்டையைக் கட்டி, அது புறப்படும் உயரத்தில், பின்திரையில் சாக்பீஸால் கிடையாக ஒரு கோடு போட்டார் அத்தான். மூட்டையை இழுத்துப் பிடித்து விட்டார். கயிறு குழாயில் டப்பென்று பட்டது. மூட்டை சின்ன வட்டமாகத் திரும்பி, கிடுகிடுவென ஏறி, கோட்டருகே நின்று, வந்த வழியே திரும்பியது. குழாயை ஒரு முழம் இறக்கிப் பார்த்தார். வட்டம் இன்னும் சின்னதானது, உயரம் மாறவில்லை.

“எந்த உயரத்துல கிளம்புச்சோ அதுவரைக்கும்தான் ஏறுது! கயிறு குட்டையானா அதுக்கென்ன?” என்றார்.

அக்கா மெல்ல அருகில் வந்தாள். “என்னங்க, ஐம்பத்திரண்டு கிலோன்னு சொன்னேன்ல, அறுபது இருக்கும்.”

அத்தான் எட்டுக் கிலோ மணலைக் கூடக் கொட்டிக் கட்டினார். அதே கோடு.

அதோடு விட்டிருக்கலாம். மனுஷனுக்குக் கை சும்மா இருக்குமா? “குழாயைக் கோட்டுக்கும் கீழ இறக்கினா எங்க போய் நிக்கும்?” என்று கேட்டவர், யாரும் வாய் திறப்பதற்குள் சங்கிலியைத் தளர்த்தி நன்றாகத் தாழ இறக்கிவிட்டார். இந்தத் தடவை மூட்டை நிற்கவே இல்லை. குழாயைத் தாண்டிக் குதித்து, இரண்டு சுற்று சுற்றி, கிழிந்து, மணலை மேடை முழுக்கக் கொட்டியது.

இயக்குநருக்கு முகம் வெளுத்துவிட்டது. “போதும். நிலா வேண்டாம்.”

“இப்ப திருப்தியா?” என்ற அக்காவுக்குக் கண் கலங்கியது. எனக்கும் அத்தான் மேல் கெட்ட கோபம்.

அவர் குழாயைக் கோட்டுக்கு மேலே பழைய இடத்துக்கே ஏற்றினார். “கோடு வரைக்கும் ஏறி நின்னு திரும்பக் குழாய்க்குக் கீழ உயரம் இல்லாமதான் சுத்துச்சு. இப்ப இருக்கு.”

“அப்ப விடுங்க,” என்று அக்கா நிலாவில் உட்கார்ந்துவிட்டாள்.

அவர் நிலாவைக் கோடு வரை இழுத்துப் பிடித்தார். எல்லாம் சரியாக இருந்தது. முன்னால் அனுப்ப மூட்டைதான் இல்லை. அவர் பிடியை விடவே இல்லை.

“நீ இறங்கு,” என்றார். தானே ஏறி உட்கார்ந்தார். நானும் அக்காவும் சேர்ந்து அவரைக் கோடு வரை இழுத்தோம். நிலாவை இழுத்த கயிற்றின் நுனி அக்கா கையில். “நான் சொல்லும்போது மெதுவா...”

அக்கா விட்டுவிட்டாள்.

டப். கண்ணை இறுக மூடியபடி அத்தான் ஏறினார், கோட்டுக்கு ஒரு விரல் கீழே நின்றார், திரும்பினார். இயக்குநர் பாட்டுக்காரர்களைக் கூப்பிடச் சொன்னார்.

“ஒரு நொடிகூட யோசிக்கலையேடி?” என்றார் அத்தான், இறங்கியதும்.

“நீங்க சொன்னதை நான் நம்பினேன்,” என்றாள் அக்கா. “நீங்கதான் நம்பல.”