இடுப்பை விட்டு இறக்காத பயணம்

சின்னப் பிள்ளைகளை நாலு ஊருக்குக் கூட்டிப் போனால் புத்தி வளரும் என்று யாராவது சொன்னால், சொல்கிறவருக்கு அதில் என்ன ஆதாயம் என்றுதான் எனக்கு முதலில் தோன்றும். என் சுபாவம் அப்படி. அதை மாற்றிக்கொள்ள நான் முயன்றதும் இல்லை. ஒரே ஒரு தடவை மாற்றிக்கொண்டிருக்கலாம் என்று பட்டது. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அப்போது எங்கள் பக்கம் கொல்லம் வரைக்கும் ரயில் விட்டு ஐந்தாறு வருஷம் ஆகியிருக்கும். நாங்கள் தச்சநல்லூரில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வாத்தியார். எனக்கு முதலில் பிறந்த இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. மூன்றாவது ஒருத்தன்தான் மிஞ்சினான். அவனுக்கு ஒன்றேமுக்கால் வயசாகியும் நடை வரவில்லை. நிறுத்தி வைத்தால் முழங்காலை மடக்கிக்கொண்டு என்னைப் பார்த்துக் கையை நீட்டுவான், நான் தூக்கிக்கொள்வேன். தரையில் விட்டால் எறும்பு இருக்கிறது, தேள் இருக்கிறது, எதிர்வீட்டுக்காரியின் கண் இருக்கிறது. அரிசி களைந்தாலும் கோலம் போட்டாலும் அவன் என் இடுப்பில்தான். காலில் ஏதும் ஊனமா என்று இரண்டு மூன்று பேர் கேட்டார்கள். கேட்டவர்கள் வீட்டு வாசலை அப்புறம் நான் மிதித்ததில்லை.

அந்தச் சமயம் பள்ளிக்கூடத்தைப் பார்வையிட ஒரு வெள்ளைக்கார துரை வந்தார். கூடவே அவருடைய இரண்டு வயசுக் குழந்தையும் வந்திருக்கிறது. அது ஊட்டி பார்த்ததாம், கொழும்பு பார்த்ததாம், கப்பலில் வந்ததாம். பெஞ்சுக்குப் பெஞ்சு ஓடி வாத்தியார்களின் தலைப்பாகையை எல்லாம் பிடித்து இழுத்ததாம். என் வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. அன்று சாயங்காலம் வந்ததும் வராததுமாக, "அந்தப் பிள்ளை ஊர் ஊராப் போகுது, அதான் அவ்வளவு சூட்டிகை. நம்ம பிள்ளை உன் இடுப்பைத் தவிர வேற என்னத்தைப் பாத்திருக்கான்?" என்றார். துரை வீட்டில் ஆயா இருக்கிறாள், பட்லர் இருக்கிறான், பிள்ளை விழுந்தால் தூக்க ஆறு கை இருக்கிறது என்று நான் சொன்னேன். அவர் கேட்கிற நிலையில் இல்லை.

சொல்லிவைத்தாற்போல அந்த வாரமே களக்காட்டிலிருந்து கடுதாசி வந்தது. எழுதியது அவருடைய அக்கா. எனக்கு மதினி முறை. மலையடிவாரத்தில் வயலும் வாழைத்தோட்டமுமாக நல்ல வசதி, ஆனால் பிள்ளை கிடையாது. அவளும் அதையேதான் எழுதியிருந்தாள். பிள்ளைக்கு நாலு இடம் காட்டினால் நல்லது, ஒரு வாரம் வந்து இருந்துவிட்டுப் போங்கள் என்று. கடைசியில் ஒரு வரி. பிள்ளையை நிறுத்தி, தரையிலிருந்து நெஞ்சுவரை நூலால் அளந்து, அந்த நூலை அனுப்பிவைக்க வேண்டுமாம்.

அளவு எதற்கு? கேட்டால் இவர் எங்கேயோ பார்த்துக்கொண்டு சட்டையாக இருக்கும் என்றார். சட்டைக்கு யாராவது தரையிலிருந்தா அளப்பார்கள்? எனக்குச் சுருக்கென்றது. மந்திரமோ தந்திரமோ, எதுவானாலும் என் பிள்ளைமேல் சரியாக விழக்கூடாது என்று, அளந்த நூலில் நாலு விரற்கடை வெட்டி அடுப்பில் போட்டுவிட்டு மிச்சத்தைக் கொடுத்தனுப்பினேன்.

ஆனால் என் நிஜமான பயம் வேறு. என் தகப்பனார் பாளையங்கோட்டையில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தவர். சோற்றில் கை வைத்தால் வழக்குக் கதைதான் பேசுவார். பிராமண வீடுகளில் சுவீகாரம் என்றால் ஓமம் வளர்க்க வேண்டும், நமக்கு அது வேண்டாம், நாலு பெரிய மனுஷர் பார்க்கப் பிள்ளையை ஒரு கை கொடுத்து இன்னொரு கை வாங்கிவிட்டாலே போதும், கோர்ட்டில் நிற்கும் என்று அவர் சொல்லி நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். கொடுக்கிற கை தாயுடையது அல்ல, தகப்பனுடையது என்பது அப்போது எனக்குத் தெரியாது. பிள்ளையில்லாத மதினி, அக்கா சொன்னால் மறுபேச்சுப் பேசாத தம்பி, திடீரென்று ஒரு பயணம். கூட்டிப் பார்த்தால் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. என் கையை விட்டு அவன் வேறு கைக்குப் போகக்கூடாது என்று முடிவு செய்துகொண்டுதான் ரயிலேறினேன்.

சேர்மாதேவி வரைக்கும் ரயில். ஆற்றையும் வாழையையும் பிள்ளைக்குக் காட்டவேண்டும் என்று இவர் ஜன்னலோரம் இடம் பிடித்தார். கரித்தூள் கண்ணில் விழுமே என்று நான் அவன் முகத்தை முந்தானையால் மூடிவிட்டேன். எதிரே இருந்த ஒரு முக்கூடல்காரி, கை வலிக்குமே, கொஞ்ச நேரம் நான் வைத்துக்கொள்கிறேனே என்று கேட்டாள். இவளுக்கு என்ன வந்தது என்று அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தேன். சேர்மாதேவியில் மதினி வீட்டு வில்வண்டி காத்திருந்தது. வழியெல்லாம் வெயில், நான் முந்தானையை எடுக்கவில்லை. அவன் பார்த்த ஊர்கள் எல்லாம் என் சேலைக்குள்தான் இருந்தன.

வண்டி நின்றதும் மதினி ஓடிவந்து இரண்டு கையையும் நீட்டினாள். பிள்ளைக்குத் தூக்கம் என்று சொல்லிவிட்டு நான் உள்ளே போய்விட்டேன். அவன் கண்ணைக் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டிருந்தான்.

அங்கே பார்த்தது ஒவ்வொன்றும் என் சந்தேகத்துக்குத் தீனி போட்டது. பின்கட்டில் மதினி ஓர் ஆசாரியோடு குசுகுசுவென்று பேசினாள், என்னைக் கண்டதும் நிறுத்திக்கொண்டாள். ஓர் அறை பூட்டியே கிடந்தது. பிள்ளைக்கென்று புது வெள்ளி அரைஞாண் தயாராக இருந்தது. மறுநாள் காலையில் இவர் புது வேட்டி கட்டிக்கொண்டு வந்து நின்றார். கூடத்தில் குத்துவிளக்கு ஏற்றி, தேங்காய் பழம் வைத்து, பாய் விரித்திருந்தார்கள். சொந்தத்தில் பெரியவர்கள் நாலு பேர் வந்து உட்கார்ந்தார்கள். ஊர்க் கணக்கப்பிள்ளையும் வந்தார். சாட்சிக்கு வேறு என்ன வேண்டும்? பிள்ளையை இடுப்போடு இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

நல்ல நேரம் ஆயிற்று என்று யாரோ சொன்னார்கள். மதினி என் முன்னால் வந்து கையை நீட்டி, "புள்ளையக் குடு" என்றாள்.

"குடுக்க மாட்டேன்" என்றேன். கூடம் முழுக்கக் கேட்டது. நான் அதோடு நிறுத்தவில்லை. "உங்க வயித்துல பொறக்கலைன்னா, என் வயித்துல பொறந்தவனைத்தான் எடுத்துக்கணுமா மதினி?"

சொன்ன வார்த்தையை இன்றைக்கு எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது. இவர் தலையைக் குனிந்துகொண்டார். மதினியின் நீட்டிய கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது, பிறகு இறங்கியது. அவள் போய்ப் பூட்டைத் திறந்து, ஆசாரி செய்து வைத்திருந்ததைத் தானே தூக்கிக்கொண்டு வந்து என் காலடியில் வைத்தாள். மூன்று சக்கரம் வைத்த நடைவண்டி. பூவரசு மரம், சிம்பு குத்தாமல் இழைத்து இழைத்து வழவழவென்று இருந்தது.

"எங்கிட்டக் குடுக்க வேண்டாம். தரையில விடு" என்றாள்.

நான் விட்டேன். முழங்காலை மடக்கப் பார்த்தவன், எதிரே இருந்த கட்டையைக் கண்டதும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். வண்டி உருண்டது, அவன் காலும் கூடவே போயிற்று. நாலு எட்டு வைத்துவிட்டுப் பொத்தென்று உட்கார்ந்து சிரித்தான். கட்டை அவனுக்குத் தாழ்வாக இருந்தது, குனிந்துதான் பிடிக்கவேண்டி வந்தது. அளவு எப்படித் தப்பிற்று என்று ஆசாரி தலையைச் சொறிந்தார். மதினி என்னை ஒரு தடவை பார்த்தாள்.

நடைவண்டி விஷயம் இவருக்கு முதலிலேயே தெரியுமாம். பிள்ளையின் காலைப்பற்றி யார் வாயெடுத்தாலும் நான் பாய்வேன் என்றுதான் அக்காவும் தம்பியும் என்னிடம் மறைத்தார்களாம். ஊர் திரும்பியதும் இவர், ரயிலில் போய்வந்ததில்தான் பிள்ளைக்கு நடை வந்தது என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். ரயிலில் அவன் என் சேலையைத்தான் பார்த்தான் என்பதை நான் போய்ச் சொல்லவா முடியும்? பயணம் நடக்க வைத்ததா, வண்டி நடக்க வைத்ததா, நான் இறக்கி விட்டதுதானா என்று கேட்டால், இறக்கி விட்டதுதான் என்பேன். அதற்காக எல்லாச் சந்தேகமும் எனக்குத் தீர்ந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஒரு நடைவண்டிக்குக் கணக்கப்பிள்ளை எதற்கு வந்தார் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

களக்காட்டிலிருந்து நாங்கள் புறப்பட்ட அன்று காலையில் வில்வண்டி வாசலில் நின்றது. அவன் குனிந்தபடியே நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு கூடத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு, விழாமல், நேராக மதினியிடம் போனான். வண்டி அவள் காலில் இடித்து நின்றது. கட்டையை விட்டுவிட்டு அவளைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டினான். என்னைத் தவிர வேறு யாரிடமும் அவன் அதுவரை அப்படிக் கை நீட்டியதில்லை.

மதினி தன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். தூக்கிக்கொள்ளுங்கள் மதினி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதைச் சொல்லாமல் நான் போய் அவனை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டேன்.