கடலுக்குப் போகாத வசந்த விடுமுறை

ரோலி ஸ்டக்கி பள்ளிக்கூடப் பஸ் ஓட்டினார். இருபத்திரண்டு வருஷம், ஒரே ரூட். இண்டியானாவின் வடக்குப் பக்கம், சோளக்காட்டுக்கு நடுவே இருக்கிற எங்கள் ஊரில், முப்பது வயதுக்குக் கீழே உள்ள அத்தனை பேரும் ஒருமுறையாவது அவர் பஸ்ஸில் வாந்தி எடுத்தவர்கள்தான். தலைக்கு மேலே இருந்த நீளக் கண்ணாடியில் அவர் ஒரு முறை முறைத்தால் போதும், கடைசி சீட்டுப் பையன் வாயில் இருக்கிற சூயிங்கம் பயந்துபோய்த் தானாக வயிற்றுக்குள் இறங்கிவிடும்.

வருஷம் முழுக்க வண்டி ஓட்டுகிற மனுஷர், மார்ச் கடைசியில் வசந்த விடுமுறைக்கு ஒரு வாரம் பள்ளிக்கூடம் மூடினால் என்ன செய்வார்? இன்னும் கொஞ்சம் ஓட்டுவார். மனைவி மார்லிஸையும், மகள் டாராவையும், மகன் கர்ட்டையும் நீல வேனில் அடைத்துக்கொண்டு தெற்கே விட்டால், அலபாமாவில் கடல் வந்து மறிக்கிற வரைக்கும் நிறுத்தமாட்டார். பதினாலு மணி நேரம். அந்த வேன் தும்மினால் மூன்று ஊர் தள்ளி நாய் குரைக்கும்.

செலவு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. பின்னால் ஒரு சிவப்பு ஐஸ் பெட்டி, அதில் ஒரு படைக்குப் போதுமான சாண்ட்விச். ராத்தங்கலுக்கு டென்னசியில் மார்லிஸின் சித்தி மகள் வீட்டுத் தரை. ஆளுக்கு ஒரு இடம் வழியில் நிறுத்தச் சொல்லலாம், ஆனால் அங்கே டிக்கெட் வாங்கக்கூடாது. ஏழு வயதில் கர்ட் கேட்டது ஒரு பல்லிக் காட்சிசாலை. மொத்தம் இரண்டு பல்லி. அதில் ஒன்று செத்திருந்தது. அதைப் பார்க்க ஒன்றரை மணி நேரம் சுற்றிப் போனார்கள்.

பின் சீட்டில் டாராவும் கர்ட்டும் போட்ட சண்டைக்கு ராணுவத்தைத்தான் கூப்பிட்டிருக்க வேண்டும். ரோலி சீட்டுக்கு நடுவில் மஞ்சள் டேப் ஒட்டிக் கோடு போட்டார். அதற்கப்புறம் கோட்டைத் தாண்டிய முழங்கைக்காகச் சண்டை நடந்தது.

அந்தப் பிள்ளைகள்தான் வளர்ந்துவிட்டன. டாராவுக்குப் பதினெட்டு முடியப்போகிறது, ஆகஸ்டில் அரிசோனாவில் கல்லூரி. கர்ட்டுக்குப் பதினைந்து, குரல் உடைந்து கதவுக் கீல் மாதிரி ஆகியிருந்தது. நாலு பேரும் சேர்ந்து போக இந்த வருஷ விடுமுறை ஒன்றுதான் மிச்சம் என்று ரோலிக்குத் தெரியும். வெளியே சொல்லமாட்டார். பிப்ரவரியிலேயே சமையலறை மேஜையில் வரைபடத்தை விரித்துவிட்டார், அவ்வளவுதான்.

"டாரா, இந்த வருஷம் வழிய நீயே போடு."

"அப்பா, எனக்கு வேற ஒண்ணு வந்திருக்கு. ஜோலீன் வீட்ல ஃபுளோரிடா போறாங்க. பிளேன்ல. என்னையும் கூப்பிட்டாங்க."

"பிளேன்லயா? அதுல எங்கம்மா நிறுத்தி ஒண்ணுக்குப் போவ?"

"உள்ளயே இருக்கும்ப்பா."

"பாத்தியா மார்லிஸ், காலம் கெட்டுப்போச்சு."

டாரா சிரிக்கவில்லை. வரைபடத்தின் அடியில் இருந்த நீலத்தை விரலால் தேய்த்தாள். "கடல் வரைக்கும் போறதுன்னா யோசிக்கிறேன். பாதியில ஏதாவது குகையக் காட்டிட்டுத் திருப்பினீன்னா நான் வரல."

"கடலேதான்! சத்தியமா!" என்றார் ரோலி.

இந்த இடத்தில்தான் பனி வந்து கெடுத்தது. கெடுத்தது பனி மட்டுமா? ஸ்டக்கி வீட்டுக்கும் அதில் பங்கு உண்டு.

எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பனி கொட்ட வைக்கத் தெரியும். படுக்கும்போது பைஜாமாவை உள்பக்கம் வெளியே வருகிற மாதிரி மாட்டிக்கொள்ள வேண்டும். ஐஸ் கட்டிகளைக் கக்கூசில் போட்டுத் தண்ணீர் இழுத்துவிட வேண்டும். எத்தனை கட்டியோ அத்தனை அங்குலம் பனி. காலையில் ரேடியோவில் பனியால் மூடிய பள்ளிக்கூடங்களின் பேரை வாசிப்பார்கள். நம்ம பேர் வந்தால் அன்றைக்குச் சொர்க்கம்.

டாரா இதையெல்லாம் விட்டு நாலு வருஷம் ஆகிறது. "நான் என்ன சின்னப் பிள்ளையா?" என்பாள். கர்ட் விடவில்லை. ரோலியோ கர்ட்டைவிட மோசம். மற்றவர்கள் ரெண்டு கட்டி போட்டால் இவர் ஒரு தட்டையே கவிழ்ப்பார். அதோடு, விடியும் முன்னே பஸ் அலுவலகத்திலிருந்து போன் வரும், "ரோலி, உன் ரூட் எப்படி இருக்கு?" என்று. ஜன்னலில் எட்டிப் பார்த்துவிட்டு, "ஐயோ, அஞ்சல் பெட்டியே தெரியல" என்பார். அவர் வீட்டு அஞ்சல் பெட்டியை இலையுதிர் காலத்திலேயே ஒரு லாரி இடித்துத் தள்ளிவிட்டது என்பது வேறு விஷயம்.

அந்தக் குளிர்காலத்தில் ஆறு நாள் பள்ளிக்கூடம் மூடினார்கள். ஆறு நாளும் ரோலியும் கர்ட்டும் பைஜாமாவோடு அப்பம் சுட்டுச் சாப்பிட்டார்கள்.

மார்ச் முதல் வாரத்தில் நிர்வாகக் கமிட்டி கூடியது. விட்ட நாளில் பாதியையாவது பிடித்தாக வேண்டும். வசந்த விடுமுறையில் திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் பள்ளிக்கூடம் உண்டு என்று சீட்டு அனுப்பினார்கள். மிச்சம் நாலு நாள். போக ஒரு நாள், வர ஒரு நாள், நடுவில் சித்தி மகள். கடலைக் கண்ணால் பார்த்துக் கையாட்டிவிட்டுத் திரும்பலாம்.

மார்லிஸ் சீட்டைப் படித்துவிட்டு அவரையே பார்த்தாள். "எத்தன தட்டு ஐஸ் கவுத்த, ரோலி?"

"எண்ணல."

"கடலையே கக்கூஸ்ல போட்டு இழுத்துவிட்டுட்ட."

ஜோலீன் வீட்டார் அந்த மூன்று நாளைக் கண்டுகொள்ளவில்லை. மகளுக்கு லீவு கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். டாராவுக்கும் ஒன்று எழுதினால் சனிக்கிழமையே பறக்கலாம். ரோலிக்கு அப்படி முடியாது, பஸ்ஸை யார் ஓட்டுவது?

"போயிட்டு வா, கண்ணு," என்றார். குரல் தேய்ந்த பிரேக் மாதிரி கிறீச்சிட்டது. கடிதத்தையும் எழுதி அவளிடம் கொடுத்தார்.

ஆனாலும் மனுஷர் வரைபடத்தை மடிக்கவில்லை. திருப்பினார். தெற்கே முடியாவிட்டால் வடக்கே. ஒன்றரை மணி நேரத்தில் மிச்சிகன் ஏரி. ஏரிக்கரையில் மரவீடு வாடகைக்கு விடுகிறவருக்குப் போன் போட்டார். மார்ச் மாதத்திலா என்று அந்த ஆள் சிரித்த சிரிப்பு அடுத்த அறை வரைக்கும் கேட்டது. சிரித்த தோஷத்துக்குப் பாதி வாடகைக்குக் கொடுத்துவிட்டார்.

"ஏரியா?" என்றான் கர்ட். "கடல்னு சத்தியம் பண்ணினியே!"

"அக்கர தெரியுமா? தெரியாது. அலை அடிக்குமா? அடிக்கும். மணல் இருக்கா? மலை மலையா இருக்கு. அப்புறம் என்னடா?"

"உப்பு?"

"உப்பு டப்பாவ ஐஸ் பெட்டியில வெச்சிருக்கேன். நீ இறங்கினதும் தூவறேன்."

டாரா வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு மாடிக்குப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் ஒரு அதிசயம் நடந்தது. அப்பா பஸ்ஸில் ஏறுவதைவிட முட்டிக்காலால் நடந்தே வீடு போவேன் என்று நாலு வருஷமாக இருந்த டாரா, முதல் வகுப்புக் குஞ்சுகளோடு வரிசையில் நின்று ஏறினாள். முன் சீட்டில் உட்கார்ந்தாள். கடைசிக் குழந்தையும் இறங்கியது. பிறகு எழுந்து அவர் பக்கத்தில் வந்தாள்.

"மஞ்சள் கோட்டுக்குப் பின்னாடி நில்லும்மா. பஸ் சட்டம்."

"அப்பா, ஜோலீன் வீட்ல ஐஸ் பெட்டியே எடுத்துட்டுப் போகமாட்டாங்களாம். மூணு வேளையும் ஹோட்டல்தானாம்."

"நல்லதுதானே?"

"ஜோலீன் ஒத்தப் பிள்ள. பின் சீட்ல கோடு கூட இருக்காது." கோட்டுக்குப் பின்னால் ஒரு அடி நகர்ந்தாள். "வரமுடியலன்னு சொல்லிட்டேன். ஏரிக்கே வர்றேன். ஆனா வேன நான்தான் ஓட்டுவேன்."

ரோலி தலையை ஆட்டினார். பஸ்ஸைக் கிளப்ப அவருக்கு மூன்று முறை சாவி திருப்ப வேண்டியிருந்தது. பஸ்மேல் எந்தக் குறையும் இல்லை.

அடுத்த வாரம் அந்த மூன்று நாள் பள்ளிக்கூடமும் முடிந்து, வியாழக்கிழமை கிளம்பினார்கள். மார்லிஸ் முன்னால் வரைபடத்தோடு. ரோலி தன் ஆயுசில் முதல்முறையாகப் பின் சீட்டில், கர்ட் பக்கத்தில். மஞ்சள் டேப் பழுப்பாகிப் பாதி உரிந்து இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"அப்பா, முழங்கை."

"என்னடா?"

"என் பக்கம் வந்திருக்கு."

"நான் சம்பாதிச்சு வாங்கின வேன்டா இது!"

முன்னால் இருந்த கண்ணாடியில் இரண்டு கண்கள் அவரை முறைத்தன. அவருடைய கண்களேதான், வேறொருத்தர் முகத்தில். ரோலி முழங்கையை எடுத்துக்கொண்டார். வாயில் சூயிங்கம் இருந்திருந்தால் விழுங்கியிருப்பார்.

ஏரி ஓரம் உறைந்து கிடந்தது. காற்று காதைக் கழற்றி அடுத்த மாநிலத்துக்கு அனுப்பிவிடும் போல அடித்தது. நாலு பேரும் கைகோத்து முழங்கால் வரைக்கும் இறங்கி, கத்திக்கொண்டே வெளியே ஓடிவந்தார்கள். ரோலி உப்பு டப்பாவை எடுத்து எல்லார் தலையிலும் தூவினார். மூன்று நாளும் சாண்ட்விச் தின்றார்கள், மணல்மேட்டில் உருண்டார்கள், சீட்டாட்டத்தில் ஏமாற்றிப் பிடிபட்டார்கள். கர்ட் தேர்ந்தெடுத்த இடம் ஒரு மூடிய ஐஸ்கிரீம் கடை. அதன் கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மூட்டை கட்டும்போது ரோலி ஐஸ் பெட்டியைத் திறந்தார். முந்தின நாள் மாலைதான் புதுசாக ஒரு பை ஐஸ் வாங்கி நிரப்பியிருந்தார். பெட்டிக்குள் கடுகு பாட்டிலும் நாலு தக்காளித் துண்டும் மட்டும் கிடந்தன. ஒரு கட்டி ஐஸ் இல்லை. கர்ட் இன்னும் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

குளியலறையில் தண்ணீர் இழுக்கும் சத்தம் கேட்டது. கொஞ்சம் பொறுத்து மறுபடியும். மறுபடியும். டாரா வெளியே வந்தாள். கை இரண்டும் குளிரில் சிவந்திருந்தன. அப்பாவைப் பார்த்ததும் அவற்றை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

ரோலி பெட்டியை மூடினார். அறைக்குள் போய் உடுத்திக்கொண்டு வந்து காபிக்கு உட்கார்ந்தார்.

"என்ன ரோலி இது?" என்றாள் மார்லிஸ். "சட்டைய உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி போட்டிருக்க."

"தெரியும்," என்று சொல்லிவிட்டு, ஜன்னல் வழியாக ஏரிக்கு மேலே மேகம் ஏதாவது வருகிறதா என்று பார்த்தார்.