செல்வாம்பாள் சொல்லாமல் விட்ட சொல்

அம்மன் மேல் ஒரு மீன்காரம்மா வழக்குப் போட்டுவிட்டாராம். லாஸ்பேட்டை அரசுக் குடியிருப்பில் கிளம்பிய செய்தி, தவளக்குப்பம் போய்ச் சேர்வதற்குள் நோட்டீஸ் அனுப்பியாகிவிட்டது. மேட்டுப்பாளையம் டீக்கடையில் அம்மன் முன்ஜாமீனே வாங்கிவிட்டாள். உலகத்தில் எந்த வழக்கும் இவ்வளவு வேகமாக நகர்ந்ததில்லையே என்று சந்தேகம் வந்து, விசாரிக்கப் போனேன்.

மீன்காரம்மாவின் பெயர் செல்வாம்பாள். வயது ஐம்பத்தாறு. ஊருக்கு வடக்கே ஒரு குப்பம். குப்பத்தின் பெயரைச் சொன்னால் அப்புறம் எனக்கு அங்கே மீன் கிடைக்காது. முப்பது வருஷமாக அலுமினியக் கூடையோடு லாஸ்பேட்டைக்குப் போய், குமாஸ்தா வீடுகளில் சங்கராவும் நெத்திலியும் விற்கிறவர்.

"கேஸா? எவன் சொன்னான்? 'அவள கேக்காம வுடமாட்டேன்'னு ஒரு வீட்டுல சொன்னேன். அவங்க ஆபீஸ்காரங்க. கேக்கறதுன்னா அவங்களுக்கு மனுதான்."

வழக்கு இல்லை. கேள்வி மட்டும்தான். அதற்கே இந்தப் பாடு.

போன கார்த்திகையில் அவருடைய ஒரே மகன் ராஜ்கமல் இரண்டு பேரோடு பைபர் போட்டில் போனான். முகத்துவாரத்தில் அலை கவிழ்த்தது. மற்ற இருவரும் நீந்தி வந்தார்கள். செல்வாம்பாள் கோயிலுக்கு ஓடினார். நடை சாத்தியிருந்தது. கம்பிக்கதவைப் பிடித்துக்கொண்டு கத்தினார்: "என் புள்ள கரைக்கு வரணும் ஆத்தா. என் முடிய எறக்கறேன்."

மூன்றாம் நாள் ராஜ்கமல் கரைக்கு வந்தான். தவளக்குப்பத்துக்குக் கிழக்கே ஒதுங்கியிருந்தான். அரைஞாண் கயிற்றை வைத்துத்தான் அடையாளம் சொன்னார்கள்.

வேண்டுதலில் 'உயிரோடு' என்ற சொல் இல்லை. மறதியல்ல. கடலில் இருக்கிறவனைப் பற்றிப் பேசும்போது குப்பத்தில் யாரும் அந்தச் சொல்லை வாயில் எடுக்க மாட்டார்கள். எடுத்தால் மற்றதையும் நினைத்ததாகிவிடும். போனவன் வருவான், அவ்வளவுதான் பேச்சு.

காரியம் முடிந்த மறுவாரம் குப்பத்துக்குத் தலைவரான நாட்டார் கோவிந்தசாமி வாசலுக்கு வந்தார். கெட்டவரல்ல; பையனைத் தூக்கி வந்த நாலு தோளில் அவருடையதும் ஒன்று.

"வேண்டிக்கின, வந்துட்டான். முடிய எறக்கிடு செல்வா. நேர்த்திக்கடன வெச்சிக்கினா குப்பத்துக்கே ஆவாது."

"எப்புடி வந்தான் மாமா?"

"எப்புடின்னு நீ சொன்னியா?"

சட்டப்படி பார்த்தால் நாட்டார் சொன்னதில் ஓட்டையே இல்லை. முடி இறக்கும்வரை செல்வாம்பாள் கோயிலுக்குள் வரக்கூடாது என்று பஞ்சாயத்து சொல்லிவிட்டது. ஆக, அம்மன் பதில் சொன்னால் முடி தருவேன் என்கிறவருக்கு, முடி தந்தால்தான் கேட்கவே அனுமதி.

முடிதானே, வளர்ந்துவிடும், கொடுத்துவிட்டால் என்ன என்று நானும் புத்திசாலிபோலக் கேட்டேன்.

"குடுத்தா, நான் கேட்டது கெடச்சிடிச்சின்னு ஆயிடும். நான் பொணத்தையா கேட்டேன்?"

கூடையைக் கழுவிக்கொண்டே மறுபடியும் பேசினார். "வேற ஊரு சாமின்னா சரி, பாஷ புரியலன்னு வுட்டுடலாம். இவ இங்கயே பொறந்து இங்கயே குந்தினு கீறவ. குப்பத்து சாமிக்கு குப்பத்து பேச்சு தெரியாதா?"

நடுவில் கறுப்புச் சட்டைக்காரர் ஒருவர் சால்வையோடு வந்து, "சாமியே இல்லைன்னு சொல்லுங்கம்மா, மேடை போடறோம்" என்றாராம். "இல்லாதவள நான் எதுக்குயா கேக்கப்போறேன்? போவியா" என்று அனுப்பிவிட்டார். சாமியைக் கேள்வி கேட்பது பாவம் என்று சொல்ல வந்த ரிட்டயர்டு வாத்தியாருக்கும் அதே வாசல்தான். செல்வாம்பாள் இப்போதும் வீட்டில் தினமும் அம்மனுக்கு விளக்கு ஏற்றுகிறார்.

உள்ளே மருமகள் பூவிழி மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். பையன் கரை ஒதுங்கிய அன்று அவள், "ஒரு வார்த்த சேத்து வேண்டியிருக்கலாம் இல்ல அத்தே" என்றாளாம். எட்டு மாதத்தில் அந்த ஒரு முறைதான் சொன்னாள். செல்வாம்பாள் காதில் அது தினமும் விழுகிறது.

இனி ஒரே வழி, ஆடிக் கடைசி வெள்ளி. அம்மனே தெருவுக்கு வருவாள். வீட்டுக்கு வீடு நிற்பாள். அன்றைக்கு நானும் போய் அவர் பக்கத்தில் நின்றேன்.

பொழுது சாய, சீரியல் விளக்கோடு டிராக்டரில் அம்மன் வந்தாள். செல்வாம்பாள் வாசலில் டிரைவர் பழக்கத்தில் பிரேக்கை மிதித்துவிட்டான்.

"நிறுத்தாத, போ!" என்றார் கோவிந்தசாமி.

"ஆத்தா! நில்லுடி! ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன், நில்லு!"

மேளக்காரர்களுக்கு யாரோ கையைக் காட்டினார்கள்; மேளம் ஓங்கியது. செல்வாம்பாள் வாய் அசைந்ததைப் பார்த்தேன். மூன்றடி தள்ளி நின்ற எனக்கே ஒன்றும் கேட்கவில்லை. டிராக்டர் அடுத்த வீட்டு வாசலில் போய் நின்றது. கற்பூரம் ஏற்றினார்கள்.

பூவிழி வந்து கையைப் பிடித்தாள். "நான் எறக்கிடறேன் அத்தே. முடிஞ்சிபோவட்டும்."

"உன் தல மேல எவன்னா கத்திய வெச்சான், கைய எடுத்துடுவேன். வாக்கு குடுத்தவ நான்."

"அப்ப எப்பதான் அத்தே?"

செல்வாம்பாள் வாசற்படியில் உட்கார்ந்து கொண்டையை அவிழ்த்துச் சீவத் தொடங்கினார். ஆடிக்காற்று கடலைப் பார்த்து அடித்துக்கொண்டிருந்தது. சீப்பில் வந்த முடியை ஒவ்வொன்றாக எடுத்து, காற்றில் ஒன்றுகூடப் போகவிடாமல் விரலில் சுற்றினார்.

"இதுகூட அவளுக்கு கெடையாது" என்று சொல்லி, அதைக் கதவு நிலையின் இடுக்கில் செருகினார்.