எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம்

1978 பிப்ரவரி 7, செவ்வாய்க்கிழமை, காலை ஆறு மணி நாற்பது நிமிடம். பத்தடி தள்ளியிருந்த வேப்பமரத்தைக்கூடப் பனி மறைத்திருந்தது. பூசாரி முனியப்பா ஈர மஞ்சள் வாசனை அடிக்கும் கயிற்றை அப்பாவின் வலது மணிக்கட்டில் மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டபோது அந்தக் கை நடுங்கிக்கொண்டே இருந்தது. குளிர் ஒரு காரணம். முந்தைய மாலையிலிருந்து பதினான்கு மணி நேரமாக அப்பா குடிக்காமல் இருந்தது இன்னொரு காரணம்.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயதும் ஐந்து மாதமும். எண்ணுகிற பழக்கம் அதற்கு முன்பே என்னைப் பிடித்துக்கொண்டுவிட்டது. ஆலைச் சங்கு ஊதி எத்தனை நிமிடம் ஆயிற்று, தெருமுனையில் அப்பாவின் சைக்கிள் எத்தனை முறை சரிந்தது என்றெல்லாம் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அம்மாவின் வலது கையில் இரண்டு விரல்கள் மடங்காது. அது எப்படி ஆயிற்று என்று எங்கள் தெருவில் யாரும் கேட்டதில்லை, எல்லோருக்கும் தெரியும்.

அந்த வருடங்களில் தமிழ்நாட்டில் மதுவிலக்கு இருந்தது. எங்கள் ஊரோ ஜூஜுவாடிக்குப் பக்கத்தில். எல்லைக்கல்லைத் தாண்டிவிட்டால் கர்நாடகம், அங்கே சாராயக்கடைகள் பட்டப்பகலில் திறந்திருந்தன. ஓசூரில் புதிதாக வந்த "கம்பெனி"களில் வேலைக்குச் சேர்ந்தவர்களில் பாதிப்பேர் "ஷிப்ட்" விட்டதும் சைக்கிளை நேராக எல்லை தாண்டி அத்திப்பள்ளிக்கு மிதித்தார்கள். அப்பா கற்பூரத்தை அணைத்து ஒரு முறையும், என் தலையில் கை வைத்து மூன்று முறையும் சத்தியம் செய்திருந்தார். நான்கும் ஒரு வாரம் தாங்கவில்லை.

எங்கள் ஊரில் அம்மன் திருவிழாவுக்குக் "காப்பு" கட்டிக்கொண்டவர்கள் அதை அவிழ்க்கும் வரை ஊர் எல்லையைத் தாண்டமாட்டார்கள். சாவு வீட்டுக்கும் போகமாட்டார்கள். அப்பா அதைத்தான் பிடித்துக்கொண்டார்.

"திருவிழா இல்லாத நாள்ல காப்பா? எத்தினி நாளைக்குடா?" என்று பூசாரி சத்தம் போட்டார்.

"நாள் சொல்லத் தெரியல சாமி. அந்தக் கல்லைத் தாண்டாம இருந்தா போதும்."

பூசாரி கயிற்றை மஞ்சளில் நனைத்து, "ஓசூர்ப் பக்கம் வேலைக்குப் போய்க்கோ. அத்திப்பள்ளிப் பக்கம் கால் வெச்சே, நீயாச்சு அவளாச்சு" என்று கட்டிவிட்டார்.

முதல் நான்கு நாட்கள் அப்பா காப்பித் தம்ளரை இரண்டு கைகளாலும் பிடித்துக் குடித்தார். கூட வேலை செய்தவர்கள் கேலி செய்தார்கள். "உங்க அம்மனுக்குக் கன்னடம் வராதுப்பா. கல்லைத் தாண்டிக் குடிச்சா அவளுக்கு எங்கே தெரியப்போவுது?" என்று ஒருவர் எங்கள் வாசலிலேயே நின்று சொன்னார். "அதுக்குத்தாம்பா தாண்டாம இருக்கேன்" என்றார் அப்பா. நான் கதவுக்குப் பின்னால் கரியால் நாளுக்கு ஒரு கோடு போட்டுவந்தேன். இருபது கோடு ஆனபோது அம்மா அப்பாவுக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டாள். அதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

முப்பத்தோராவது கோடு போட்ட அன்று, எல்லைக்கு இரண்டு பக்கமும் சைக்கிளில் புளி விற்கும் கரீம் பாய் வந்தார். வீட்டில் நான் மட்டும் இருந்தேன்.

"தம்பி, உங்க ரத்னம்மா அத்தைக்கு மஞ்சக்காமாலை. சோறு உள்ளே எறங்கல. அண்ணனை ஒருதரம் பாக்கணும்னு அழுவுது. அப்பாகிட்ட மறந்துடாம சொல்லிடு, என்னா?"

"சொல்றேன் பாய்" என்றேன்.

அத்தை அப்பாவுக்கு ஒரே தங்கை. எல்லைக்கல்லைத் தாண்டி அவள் வீட்டுக்கு நாலரை மைல், வழியில் ஏழு சாராயக்கடைகள். முந்திய வருடம் அவளைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது ஐந்தாவது கடைக்கு எதிரே வாய்க்காலில் கிடந்த அப்பாவைத் தூக்க முடியாமல் இருட்டும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அந்த ஏழு கடைகளையும் நினைத்துக்கொண்டு, அன்று நான் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. கோடு மட்டும் போட்டேன்.

முப்பத்தேழாவது நாள் அத்தையின் கொழுந்தனார் வந்து வாசலில் நின்று அழுதார்.

அப்பா கோயிலுக்கு ஓடினார். பூசாரி கேட்டார், "அவுத்துட்டுப் போறியா?"

"அவுத்தா திரும்பி வரமாட்டேன் சாமி. இதோடவே போறேன்."

"சாவு வீடுடா."

"தெரியும்."

பூசாரி தலையைக் குனிந்துகொண்டு, "போ. அவகிட்ட நான் சொல்லிக்கறேன்" என்றார்.

அப்பா பிறந்த வீட்டுக் "கோடி"ப் புடவையை அத்தையின் மேல் போர்த்தியபோது, ஒரு பெண் மாரில் அடித்துக்கொண்டு கேட்டாள்: "பாய்கிட்ட சொல்லி அனுப்பினோமே அண்ணா! கதவையே பாத்துக்கிட்டு இருந்தாளே! வந்து ஒரு வாய் தண்ணி ஊத்தக் கூடாதா?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் மண்ணைப் பார்த்தேன்.

"பாய் சொன்னாரு" என்றார் அப்பா. "நான்தான் வரல. வந்தா குடிப்பேனோன்னு பயம்."

அந்த வீட்டார் அதற்குப் பிறகு அவரிடம் பேசவில்லை. பாடை கட்டினவர்களுக்கு ஊற்றிய சாராயத்தில் ஒரு தம்ளரை யாரோ அவரிடம் நீட்டி, "குடி மாமா, துக்கம் தெரியாது" என்றான். அப்பா காப்புக் கட்டிய கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

அப்பாவும் அம்மாவும் நானும் திரும்பி நடந்து வரும்போது ஏழு கடைகளும் திறந்திருந்தன. நான் ஒவ்வொன்றாக எண்ணினேன். அப்பா ஒன்றின் பக்கமும் திரும்பவில்லை. எல்லைக்கல்லுக்கு வந்ததும் அதன்மேல் கை வைத்துக் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"அம்மன் கல்லோட நின்னுடுவான்னு நெனச்சேன்டா. நிக்கல. கூடவே நடந்து வந்தா. இது முன்னமே தெரிஞ்சிருந்தா, தங்கச்சி உசுரோட இருக்கறப்பவே போயிருப்பேனே."

அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை, அன்றைக்கு மட்டுமல்ல, அதற்குப் பிறகு அவர் உயிரோடு இருந்த பத்தொன்பது வருடங்களிலும் கேட்கவில்லை. அத்தனை வருடமும் அவர் குடிக்கவும் இல்லை. தை மாதம்தோறும் பழைய கயிற்றை அவிழ்த்துப் புதியது கட்டிக்கொள்வார். எல்லைக்கு இந்தப் பக்கமும் கடைகள் திறந்த பிறகு அவற்றின் வழியாகவே வேலைக்குப் போய்வந்தார். புதிதாகக் குடியை விட்டவர்கள் தேடிவந்தால், கூட நடந்து கம்பெனி வாசல்வரை விட்டுவருவார்.

இன்று அங்கே மேம்பாலம். அந்தக் கல் எந்தத் தூணுக்கடியில் போனது என்று போன மாதம் நின்று பார்த்தேன், தெரியவில்லை. முனியப்பா இல்லை, கரீம் பாய் இல்லை. கரிக்கோடு போட்ட கதவை வீடு விற்றபோது யாரோ எடுத்துப்போய்விட்டார்கள். அம்மன் கூட வந்தாள் என்பதை நான் இப்போது நம்புகிறேன். அப்பாவை நம்பத்தான் அன்று என்னால் முடியவில்லை. எத்தனை தடவை கூட்டிப் பார்த்தாலும் ஒரே விடைதான் வருகிறது. அந்த அண்ணனுக்கும் தங்கைக்கும் மிச்சமிருந்து, நான் எடுத்துக்கொண்டது ஆறு நாட்கள்.