சம்படத்தில் போன பதினெட்டுப் பாட்டு

பிப்ரவரி 15, ஞாயிற்றுக்கிழமை, காலை 9.40. கடலூர் மஞ்சக்குப்பத்தில் பனி முழுதாக விலகவில்லை. வெயில் சுள்ளென்று இல்லை, காற்றும் இல்லை.

நான் ஒரு கேவலமான காரியம் செய்த நேரம் அது. குறித்து வைத்திருக்கிறேன். நான் எதைத்தான் குறித்து வைக்கவில்லை?

என் மகனின் மாமியார் ரூபி டீச்சர். சிதம்பரத்தில் இங்கிலீஷ் டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவர். கணவர் காலமாகிவிட்டார். தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு என் மனைவி சரோஜாவுக்கு போன் செய்வார். சராசரியாக நாற்பது நிமிடம். எங்கள் சொந்தத்தில் கல்யாணம் முடிந்து மூன்று மாதத்தில் சம்பந்திகளுக்குள் பேச்சு நின்றுவிடும். இவர்கள் ஐந்து வருடமாகப் பேசுகிறார்கள்... சிரிக்கிறார்கள்.

பொங்கல் முடிந்து சரோஜா சிதம்பரம் போய் நாலு நாள் தங்கினாள். திரும்பும்போது கையில் ரூபி டீச்சர் கொடுத்த ஒரு சி.டி. அமெரிக்கக் கிராமத்துப் பாட்டு பாடும் ஓர் அம்மாள். அவரே எழுதி, அவரே மெட்டுப் போட்டு, கிடாரோடு பாடுகிறவர். பெயர் என் வாயில் நுழையவில்லை. அவர் பாடியதிலேயே பெயர் வாங்கிய பதினெட்டுப் பாட்டைப் பொறுக்கிப் போட்ட தொகுப்பு. ரூபி டீச்சருக்குக் கல்லூரிக் காலத்திலிருந்தே உயிர்.

மகன் விட்டுப்போன பழைய ப்ளேயரில் சரோஜா அதைப் போட்டாள். நான் சும்மா இருந்தேனா? எண்ணினேன். பதினெட்டில் பதினோரு பாட்டு அழுகை. ஒரே பாட்டில் ‘போகிறேன்’ என்று ஒன்பது முறை. "ஒம்பது தடவ சொல்லிட்டு இன்னும் போவலியே இந்தம்மா" என்றேன். சரோஜா ப்ளேயரை நிறுத்திவிட்டு சி.டி.யை ஃப்ரிட்ஜ் மேல் வைத்தாள். அப்புறம் நான் இருக்கும்போது போட்டதே இல்லை.

இப்போது அந்த ஞாயிறுக்கு வருகிறேன். சரோஜா கோயிலுக்குப் போயிருந்தாள். ரூபி டீச்சரின் தம்பி காரில் வந்து வாசலில் நின்றார். கடலூரில் ஒரு கல்யாணம், முடித்துவிட்டு ஊர் திரும்புகிறார்.

"மாமா, அக்கா சம்படத்த வாங்கியாரச் சொன்னாங்க."

ரூபி டீச்சர் அச்சு முறுக்கு அனுப்பிய பெரிய எவர்சில்வர் சம்படம். (நாற்பத்தாறு முறுக்கு, மூன்று உடைசல்.) பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக் கூடாது இல்லையா? ஒரு பழமாவது, ஒரு பிடி சர்க்கரையாவது போட வேண்டும். பழம் இல்லை. சர்க்கரை டப்பா எங்கேயோ. ஃப்ரிட்ஜ் மேல் கண் போனது... எடுத்தேன், உள்ளே வைத்தேன், மூடினேன், கொடுத்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அன்று ஏழு மணிக்கு போன் வரவில்லை. மறுநாளும் இல்லை. சரோஜாவே கூப்பிட்டாள். வேலையாக இருப்பதாகச் சொல்லி ரூபி டீச்சர் வைத்துவிட்டார்.

"நான் எதுனா தப்பா பேசிட்டனாங்க?" என்று சரோஜா கேட்டாள். நாலு நாளில் ஆறு முறை கேட்டாள். ஆறு முறையும் எனக்குத் தெரியாது என்றேன். ஐந்தாம் நாள், நேரில் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று புடவை எடுத்து வைத்தாள். எதற்கு மன்னிப்பு என்று அவளுக்கே தெரியாது! அதற்கு மேல் என்னால் முடியவில்லை. பென்ஷன் வேலை என்று பொய் சொல்லிவிட்டு நான் பஸ் ஏறினேன்.

சிதம்பரத்தில் ரூபி டீச்சர் காபி கொடுத்தார். சி.டி. மேஜை மேலேயே இருந்தது.

"அண்ணிக்குப் புடிக்கலன்னா ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ண்ணே" என்றார். "சம்படத்துல போட்டு அனுப்பிட்டாங்களேன்னுதான் மனசு ஒரு மாதிரி ஆயிடுச்சு."

அவள் வைக்கவில்லை, நான்தான் வைத்தேன் என்றேன். அதோடு நிறுத்தினேனா? கை தவறிப் போய்விட்டது என்றும் சேர்த்துக்கொண்டேன். அவர் முகம் தெளிந்தது. அண்ணியிடமே கொடுத்துவிடுங்கள் என்று சி.டி.யை என் கையில் தந்தார்.

ஆலப்பாக்கம் தாண்டும்போது பஸ்ஸில் அதைத் திறந்து பார்த்தேன். உள்ளே பாட்டு வரிகள் அச்சடித்த சின்னப் புத்தகம். ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் பென்சிலில், பொடி எழுத்தில், தமிழ். இங்கிலீஷ் தெரியாத சரோஜாவுக்காகப் பதினெட்டுப் பாட்டையும் எழுதியிருக்கிறார்.

பதினோராம் பாட்டு ஒரு மனைவி பாடுவது. ‘இந்த வீட்டில் எத்தனை படி என்று அவனுக்குத் தெரியும். எந்தப் படியில் உட்கார்ந்து நான் அழுவேன் என்று தெரியாது.’ அதற்குக் கீழே: ‘அண்ணி, அண்ணன் வாக்கிங் போனப்புறம் இதக் கேளுங்க.’

எங்கள் வீட்டு மாடிக்குப் பதினேழு படி.

வீட்டுக்கு வந்து சரோஜாவிடமும் அதே கதையைச் சொன்னேன். கை தவறி...

அவள் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே, நிமிராமல் கேட்டாள். "கை தவறுனா கீழதான வுழும்? ஃப்ரிட்ஜ் மேலருந்து சம்படத்துக்குள்ள எப்டிங்க போவும்?"

பிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிதம்பரத்துக்கு போன் செய்தாள். ஒரு மணி பத்து நிமிடம். கடைசியில் சிரிப்புச் சத்தம் கேட்டது. என்னைப் பற்றி என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. அவளும் ரூபி டீச்சரிடம் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று நினைக்கிறேன்.

வாராவாரம் பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பக்கத்தை ரூபி டீச்சர் படிப்பவர். பிழை கண்டால் சொல்பவர். ஆகையால் இந்தப் பிழையை நானே சொல்லிவிடுகிறேன். டீச்சர், கை தவறவில்லை. தெரிந்தேதான் வைத்தேன். பாட்டின் மேல் எனக்குக் கோபமில்லை. கல்யாணமாகி நாற்பத்து மூன்று வருடம்... சரோஜா இப்படிச் சிரிப்பாள் என்பதே உங்கள் போன் வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

போக வர பஸ், ஷேர் ஆட்டோ, வெறுங்கையோடு போகக் கூடாதென்று வாங்கிய அரை கிலோ பண்ருட்டி முந்திரி – ஆக மொத்தம் 652 ரூபாய்.