மூலைக்கடை தியேட்டர்

ஞாயிறு காலை பதினொன்று பத்து. கனடாவின் மொன்றியல் நகரத் தெருவொன்றில் படக்குழுவின் குழாயிலிருந்து மூடுபனி வருகிறது; எதிர்க் கட்டடங்கள் மெல்லக் கரைகின்றன. ஆபாசப் படத் தொழில் நடத்திய இரு அமெரிக்கச் சகோதரர்களின் வாழ்க்கையை இங்கே படமாக்குகிறார்கள். மன்னார்க்காரரான அன்ரனின் மூலைக்கடை இன்று அவர்களுடைய தியேட்டர். வாசலுக்கு மேல் 'வயது வந்தோருக்கு மட்டும்' என்று ஆங்கிலத்தில் ஒளிர்கிறது.

"அண்ணை சேர்ச்சில பூசை முடிஞ்சு இதாலதான் வருவார். உந்தப் போர்டைக் கண்டா இனி என்னோட கதைக்க மாட்டார்," என்கிறார் அன்ரன்.

"என்ன படம்னு அவர்கிட்ட சொன்னீங்களா?" என்று கேட்கிறார் பக்கத்தில் நிற்கும் சென்னை நண்பர்.

"ஓம். அண்ணன் தம்பி கதையெண்டு சொன்னனான்."

அண்ணை வருகிறார். பலகையை அண்ணாந்து பார்த்து நின்றுவிடுகிறார். அவரைத் துணை நடிகர் என்று நினைத்த படக்குழுப் பெண், அகலக் காலர் வைத்த கோட் ஒன்றை மாட்டிவிட்டுக் கையைப் பிடித்து அழைத்துப்போகிறாள்.

"மெர்சி," என்று பிரெஞ்சில் நன்றி சொல்கிறார் அண்ணை.

மூடுபனிக்குள், டிக்கெட் வரிசையில், அவர் மூன்றாவதாக நிற்கிறார்.